பொங்கும் பால், அடிப்பிடிக்கும் பால்: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு எப்படி இயங்குகிறது?

அடுப்பில் பால் பொங்கி வந்தால் கை தானாகத் தண்ணீர் தெளிக்கும், நுரை அடங்கும். மூளையிலும் அப்படி ஒரு கை உண்டு. காபா என்ற வேதிப்பொருள்தான் அது. பதற்றம் பொங்கும்போது நரம்புகளை அடக்குவது அதன் வேலை. அந்தக் கைக்குத் தண்ணீர்ச் சொம்பாக இருப்பது அலோபிரெக்னனலோன். கர்ப்பத்தில் ஏராளமாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

சொம்பு நிரம்பியே இருப்பதால், அந்த மாதங்களில் கை நாலு சொட்டு தெளித்தே பழகிவிடுகிறது. நஞ்சுக்கொடி விழுந்த சில நாட்களில் சொம்பு வற்றிவிடும். கை பழைய பழக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலான தாய்மார்களுக்கு மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. புதிய அளவுக்குக் கை பழகத் தாமதமாவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சொம்பை மட்டும் குறை சொன்னால் போதாது, அடுப்பையும் பார்க்க வேண்டும். துண்டு துண்டான தூக்கம், ரத்தசோகை, கடன், கணவனின் அடி, “இதுவும் பொண்ணா?” என்று உறவினர் இழுக்கும் இழுப்பு எல்லாம் தீயைக் கூட்டுகின்றன. தீயைக் கூட்டிய வீடே “பிள்ளை பெத்தவ இப்படியா மூஞ்சிய வெச்சிருப்பா?” என்று அவளைக் கடிந்துகொள்வது கொடுமை.

எல்லாப் பாலும் பொங்கி வழிவதில்லை. அடிப்பிடித்த பால் மேலே வெள்ளையாகத்தான் இருக்கும். பார்க்க வந்தவர்களிடம் “நல்லா இருக்கேன்” என்கிறாள், நேரத்துக்குப் பால் கொடுக்கிறாள். ஆனால் குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. அதன் முகத்தைப் பார்த்தால் எந்த உணர்வும் எழுவதில்லை. கரண்டி விட்டுக் கிளறினால்தான் தெரியும். அந்தக் கரண்டி 1987 முதல் இருக்கிறது: எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள். சில நிமிடம் போதும். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. வந்தது என்றால், மொத்த மதிப்பெண் எவ்வளவானாலும் அன்றே கவனித்தாக வேண்டும்.

6, 10, 14-ஆவது வாரங்களில் தடுப்பூசிக்காகத் தாயும்தான் வருகிறாள். குழந்தையின் எடையைப் பார்க்கிறோம், அட்டையில் குறிக்கிறோம். அங்கேயே, மாமியாரைச் சற்று வெளியே உட்காரவைத்துவிட்டு, அவளிடமும் அந்த 10 கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கண்டுபிடித்தால் வழி இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மருத்துவர்கள் அல்லாத சுகாதாரப் பணிப்பெண்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மனச்சோர்வில் இருந்த தாய்மாரில், குழந்தைக்கு 6 மாதமானபோதும் அதே நிலையில் இருந்தவர்கள் 23 சதவீதம். இப்படிப் பயிற்சி பெறாதவர்கள் போய்வந்த ஊர்களில் 53 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது. நம் கிராம சுகாதார செவிலியர்களாலும் இது முடியும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், மருத்துவர் ஆலோசனையோடு பாலூட்டலாம். வற்றிய சொம்பையே நிரப்பும் சூரனலோன் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. தைராய்டு கோளாறும் இதேபோலச் சோர்வைத் தரலாம் என்பதால், அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இல்லாத குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள், தூக்கமே தேவைப்படாதவள்போல இருக்கிறாள் என்றால் அது வேறு நோய், அவசர நோய். பேயோட்டப் போகாதீர்கள், அவளையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றபடி மனம்விட்டுப் பேச, டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.