பிறநாட்டிற் பட்டப்பின்படிப்பு

கடல் கடந்து சென்று உயர்கல்வி பெறுதல் நம் நாட்டினர்க்குப் புதியதொன்றன்று. ஆயினும், அக்கல்விக்கு விண்ணப்பஞ் செய்யும் முறையைப்பற்றி நம்மிடையே தெளிவினும் மயக்கமே மிகுதியாக உள்ளது. பிறநாட்டிற் படித்தல் செல்வர்க்கே உரியது என்று எண்ணி, திறமைமிக்க மாணவர் பலர் விண்ணப்பப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதும் இல்லை. வேறு சிலரோ, காணியை ஈடுவைத்தும் வீட்டிலுள்ள நகைகளை அடகுவைத்தும், எப்பல்கலைக்கழகம், எப்பாடம் என்று ஆராயாது, முகவர் காட்டிய இடத்துக்குப் பணத்தைக் கட்டிவிடுகின்றனர். முன்னவர் வாய்ப்பை இழக்கின்றனர். பின்னவர் குடும்பத்தின் முதலையே இழக்கின்றனர். இவ்விரண்டு இழப்புக்கும் காரணம் ஒன்றே. பட்டப்பின்படிப்புக்கு மாணவரைத் தெரிபவர் யார், அவர் எதனைக் கருதித் தெரிகின்றனர் என்பதை அறியாமையே அக்காரணம். அதனை, ஐக்கிய அமெரிக்காவின் கலாநிதிப் பட்டப் படிப்பைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு, இன்று நேயர்களுக்கு விளக்க முற்படுகின்றேன்.

முதலில் அக்கல்வியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெறும் முறை சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டிலே ஜேர்மனியில் வளர்ந்தது. அமெரிக்காவில் முதன்முதலாக அப்பட்டத்தை வழங்கியது யேல் பல்கலைக்கழகம், ஆண்டு 1861. பின்னர் 1876இல் ஆரம்பிக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜேர்மனிய முறையைத் தழுவி ஆராய்ச்சியையே தன் முதற் பணியாகக் கொண்டது. இங்கிலாந்து இவ்வழிக்குப் பிந்தியே வந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1917ஆம் ஆண்டிலேதான் இத்தகைய ஆராய்ச்சிப் பட்டத்தை ஏற்படுத்தியது.

இவ்விரு நாடுகளின் முறைகளும் இன்றும் வேறுபட்டே நிற்கின்றன. இங்கிலாந்திலே மாணவர் ஆராய்ச்சிப் பொருளைத் தெரிந்துகொண்டு, ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில், மூன்று நான்கு ஆண்டுகளில் ஆய்வேட்டை எழுதி முடிப்பர். அமெரிக்காவிலே முதலிரண்டு ஆண்டுகள் வகுப்புகளிற் பயின்று, தகுதிப் பரீட்சை எழுதி, அதன் பின்னரே ஆய்வேட்டைத் தொடங்குவர். எல்லாமாக ஐந்து ஆறு ஆண்டுகள், சில துறைகளில் அதனினும் கூடிய காலம், செல்லும். முதுமாணிப் பட்டம் பெறாத ஒருவரும், முதற் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் முதற் பட்டம் நான்காண்டுப் படிப்பாய் இருத்தலைப் பல துறைகள் எதிர்பார்க்கின்றன. ஆதலின் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பெற்றோர் அவ்விதியை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

இனி, தெரிபவர் யார் என்பதைக் காண்போம். நம் நாட்டிலே பல்கலைக்கழக அனுமதி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது உயர்தரப் பரீட்சையும் அதன் வெட்டுப்புள்ளியுமே. கலாநிதிப் படிப்புக்கு அத்தகைய வெட்டுப்புள்ளி இல்லை. விண்ணப்பங்களைப் படித்து முடிவுசெய்வோர் அத்துறையின் பேராசிரியர் சிலர் கூடிய குழுவினர். தங்கள் ஆய்வுகூடத்திலும் நூலகத்திலும் ஐந்தாறு ஆண்டுகள் தங்களோடு உழைக்கத்தக்கவர் யார் என்பதே அவர்கள் முன் உள்ள வினா. தெரிந்தெடுத்த மாணவர்க்காக அத்துறை தன் பணத்தையும் செலவிடுகின்றது. சிறந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கலாநிதி மாணவரின் கல்விக் கட்டணத்தைத் தாமே ஏற்று, வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் அளிக்கின்றன. அதற்கு ஈடாக மாணவர் இளநிலை வகுப்புகளிற் கற்பித்தல் உதவியாளராகவோ, பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராகவோ கடமையாற்றுவர். மாணவர் விசாவிற் சென்றோர் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேற்படாது பல்கலைக்கழகத்துக்குள் இவ்வாறு பணிபுரியச் சட்டம் இடந்தருகின்றது.

முதுமாணிப் படிப்பின் நிலை இதற்கு மாறானது. ஓராண்டு, ஈராண்டு வகுப்புகளாக நடைபெறும் அப்படிப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கு மாணவரே முழுக் கட்டணத்தையும் செலுத்துதல் வேண்டும். வருமானம் கருதியே அத்தகைய வகுப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களும் உள. காணியை விற்றுச் செல்வோர் பெரும்பாலும் செல்வது இவ்வழியிலேதான். எளிய குடும்பத்திற் பிறந்த மாணவர்க்குக் கலாநிதிப் படிப்பு எட்டாதது, முதுமாணிப் படிப்பே எட்டக்கூடியது என்று நாம் நினைப்பது உண்மைக்கு நேர்மாறாகும். பணஞ் செலுத்தாதார்க்குத் திறந்திருப்பது ஆராய்ச்சியின் வாயிலே. அவ்வாயிலும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. 2025ஆம் ஆண்டிலே அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி குறைக்கப்பட்டமையால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல புதிதாகச் சேர்க்கும் கலாநிதி மாணவரின் தொகையைக் குறைத்தன. ஆகவே விண்ணப்பத்தைச் செம்மையாக ஆக்குதல் முன்னையினும் இன்று அவசியமாகின்றது.

விண்ணப்பத்தின் உறுப்புகள் யாவை? பெறுபேற்றுப் பத்திரம், பரீட்சைப் புள்ளிகள், சிபார்சுக் கடிதங்கள், நோக்கவுரை என்பன தலையானவை. வரலாறு, இலக்கியம் முதலிய துறைகளில் மாணவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் வேண்டப்படும்.

பெறுபேற்றுப் பத்திரத்தைப்பற்றி ஒன்று கூறுதல் போதும். பிரித்தானிய மரபைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் 70 புள்ளி பெறுதல் உயர்ந்த தேர்ச்சி. அமெரிக்காவிலோ 70 புள்ளி நடுத்தரமானதாகவே கருதப்படும். ஆதலின் புள்ளியளிக்கும் முறையை விளக்கும் குறிப்பும், முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்னும் தரமும் அப்பத்திரத்தில் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ளல் நன்று.

பரீட்சைகளுள் ஒன்று ஆங்கில அறிவைச் சோதிப்பது. டோபல் எனப்படும் பரீட்சை 1964ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருகின்றது. ஐஈஎல்ரிஎஸ் என்பதும் பரவலாக ஏற்கப்படுகின்றது. இவற்றின் பெறுபேறு இரண்டாண்டுகளுக்கே செல்லுபடியாகும். முதற் பட்டத்தை ஆங்கில மொழியிற் பயின்றோர்க்கு இதிலிருந்து விலக்களிக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஜீஆர்ஈ என்னும் பொதுப் பரீட்சை முன்னர் பெரும்பாலான துறைகளிற் கட்டாயமாய் இருந்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பல துறைகள் அதனைக் கைவிட்டன; சில மீண்டும் கேட்கின்றன. துறைதோறும் விதி வேறாதலின், அவ்வத் துறையின் அறிவித்தலைப் பார்த்த பின்னரே பரீட்சைக்குப் பணங் கட்டுதல் தகும்.

இப்பொழுது சிபார்சுக் கடிதங்களுக்கு வருவோம். வழக்கமாக மூன்று கடிதங்கள் கேட்கப்படும். நம் நாட்டிலே கடிதம் தருபவர் பெரிய பதவியில் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. அமைச்சரிடமும் அதிபரிடமும் பெற்ற கடிதம், 'இவர் நற்குடியிற் பிறந்தவர், நன்னடத்தையுடையவர்' என்று கூறுமாயின், தெரிவுக் குழுவினர்க்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. இறுதியாண்டு ஆராய்ச்சிக் கட்டுரையை மேற்பார்வை செய்த இளம் விரிவுரையாளர் ஒருவர், அம்மாணவர் எத்தகைய இடர்ப்பாட்டை எவ்வாறு தீர்த்தார், தம்மிடம் படித்த மாணவருள் அவர் எந்நிலையில் நிற்கின்றார் என்று எழுதும் கடிதமே விலைமதிக்கத்தக்கது.

மாணவரே எழுதிக் கொடுக்க ஆசிரியர் ஒப்பமிடும் வழக்கமும் ஆங்காங்கு உண்டு. இது நேர்மையன்று என்பது ஒருபுறமிருக்க, பயனும் தராது. மூன்று கடிதங்களும் ஒரே கையால் எழுதப்பட்டமை நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்துப் பழகியோர்க்கு எளிதிற் புலப்பட்டுவிடும். ஆசிரியரிடம் ஒரு மாதத்துக்கு மேலாக அவகாசம் கொடுத்து, நோக்கவுரையின் பிரதியையும் செய்த வேலைகளின் குறிப்பையும் அவர் கையிற் கொடுத்தலே முறை. கடிதத்தைப் பார்வையிடும் உரிமையைத் துறக்கின்றீரா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் எழுந்த கேள்வி அது. மாணவர் பார்க்காத கடிதத்துக்கே குழுவினர் மதிப்பளிப்பராதலின், துறத்தலே வழக்கம்.

விண்ணப்பத்தின் உயிர்நிலை நோக்கவுரை. ஏறக்குறைய இரண்டு பக்கம் கொண்ட அவ்வுரையிலே பலரும் தம் இளமைக்கால ஆர்வத்தையும் நாட்டுக்குச் சேவைசெய்யும் வேட்கையையும் விரித்துரைக்கின்றனர். அவை உண்மையாய் இருத்தல் கூடும். ஆனால் ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரித்துக் காட்ட அவை உதவா. ஓர் உதாரணத்தாற் கூறுவேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லிலே தங்கியுள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்று என்னும் உப்பு பல இடங்களில் மிகுந்துள்ளமை விஞ்ஞானிகள் கண்டறிந்த செய்தி. இதனை ஆராய விரும்பும் இருவர் விண்ணப்பிக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர், 'நீர் மனிதவாழ்வின் அடிப்படை; நீரியலைக் கற்று என் மக்களுக்கு உதவ விரும்புகின்றேன்' என எழுதுகின்றார். மற்றவர் எழுதுவது வேறு: 'வெங்காயச் செய்கை நடைபெறும் கிராமமொன்றிலே கிணறுகளின் நீரை மாரியிலும் கோடையிலும் அளந்தேன். அடுத்தடுத்துள்ள கிணறுகளிலும் அளவு வேறுபட்டது. உரத்தாலா, மலக்குழியாலா என்று என் கருவிகளைக் கொண்டு பிரித்தறிய இயலவில்லை. நைதரசன் எம்மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் சமதானி முறை உங்கள் துறையிலே கையாளப்படுகின்றது. அதனைக் கற்கவே வருகின்றேன்.' இரண்டாமவரின் உரையிலே ஒரு கேள்வி இருக்கின்றது. செய்த வேலை இருக்கின்றது. தெரியாதது எது என்னும் தெளிவு இருக்கின்றது. அத்துறைக்கே ஏன் எழுதினார் என்பதற்கு விடையும் இருக்கின்றது. குழுவினர் தேடுவது இந்நான்கையுமே.

கேள்வியே இடத்தைத் தெரிதல் வேண்டும் என்பதற்கு நம் புலமை வரலாற்றிலே சிறந்த சான்று ஒன்று உண்டு. பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் சங்கச் செய்யுளை ஆராயப் புகுந்தபோது சென்றது இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஜோர்ஜ் தொம்சன் என்னும் கிரேக்க மொழிப் பேராசிரியர். தமிழ் ஆராய்ச்சிக்குக் கிரேக்கப் பேராசிரியர் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். சங்கச் செய்யுளை வீரயுகப் பாடலாக நோக்கிக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிடுதலே அவர் எடுத்த பொருளாதலின், அப்பொருளுக்கு அவ்விடமே பொருந்துவதாயிற்று. அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. அவ்வாறே, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1951இற் பட்டம் பெற்ற எஸ். ஜே. தம்பையா அவர்கள் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே 1954இற் கலாநிதியாகி, பிற்காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மானிடவியற் பேராசிரியராய் உலகப் புகழ் பெற்றார்.

காலத்தைப்பற்றியும் கூறுதல் வேண்டும். அமெரிக்கக் கல்வியாண்டு ஆகஸ்ட் இறுதியிலோ செத்தெம்பரிலோ தொடங்கும். அதற்குரிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்திய டிசம்பர் மாதத்திலேயே முடிவடைகின்றன. ஆகவே புறப்படுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னரே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும். விடை பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வரும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தோர், ஏப்பிரல் 15ஆம் திகதிக்கு முன் முடிவு கூறக் கடமைப்பட்டவரல்லர் என்று பல்கலைக்கழகங்கள் பல தம்முள் உடன்பட்டுள்ளன. ஆதலின் முதலில் வந்த கடிதத்துக்கே அவசரப்பட்டு இசைவு கூற வேண்டியதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் உண்டு. அது நூறு டொலரை அண்டியும் இருக்கும். வசதியற்றோர்க்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு பல இடங்களில் உள்ளது. கேட்டவர்க்கே அது கிடைக்கும்.

இடம் கிடைத்தபின் பல்கலைக்கழகம் ஐ-20 என்னும் பத்திரத்தை அனுப்பும். செவிஸ் என்னும் பதிவுக் கட்டணத்தையும் செலுத்துதல் வேண்டும். அது 2019ஆம் ஆண்டிலே 350 டொலராக உயர்த்தப்பட்டது. அதன்பின் தூதரகத்தில் நேர்முக விசாரணை நடைபெறும். 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214ஆம் பிரிவு, மாணவர் விசாக் கேட்பவர் அந்நாட்டிலே நிலையாகக் குடியேற வருபவர் என்றே முதலில் அனுமானிக்கின்றது. அவ்வாறன்று எனக் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரியைச் சார்ந்தது. தாம் படிக்கப்போவது யாது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, படிப்பு முடிந்தபின் யாது செய்யக் கருதியிருக்கின்றார் என்பவற்றைச் சுருங்கவும் உண்மையாகவும் கூறுவோர்க்கு இவ்விசாரணை அஞ்சத்தக்கதன்று. விசா விதிகள் அடிக்கடி மாறுவனவாதலின், தூதரகத்தின் அறிவித்தலையே நம்புதல் வேண்டும்.

அமெரிக்காவுக்கு அப்பாலும் வாயில்கள் உள. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959இல் உருவாயிற்று. யப்பானிய அரசாங்கத்தின் புலமைப்பரிசில் 1954இல் ஆரம்பமாயிற்று. ஜேர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை பிறநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை. புல்பிறைட் புலமைப்பரிசிலுக்கான ஆணைக்குழு 1952ஆம் ஆண்டு தொடக்கம் நம் நாட்டிலே இயங்கி வருகின்றது.

முகவரைப்பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு மாணவரைச் சேர்ப்பித்தால் இத்துணை பணம் என்று சில கல்வி நிலையங்களிடமிருந்து தரகு பெறுவோர் அவருட் பலர். தரகு தராத பல்கலைக்கழகத்தின் பெயரை அவர் வாயிற் கேட்டல் அரிது. உதவித்தொகையோடு கூடிய ஆராய்ச்சிப் படிப்புக்கு முகவர் எவரும் வேண்டியதில்லை. மாணவரே நேரில் விண்ணப்பிக்கலாம். போலிச் சான்றிதழோ பொய்யான வங்கிக் கணக்கோ ஆயத்தஞ் செய்து தருவதாக ஒருவர் கூறின், அவரை விட்டு விலகுதலே அறிவுடைமை. பொய் வெளிப்படின் பட்டமும் விசாவும் ஒருங்கே பறிபோம்.

நேயர்களே, நன்கு எழுதிய விண்ணப்பமும் மறுக்கப்படலாம். அவ்வாண்டு அப்பேராசிரியர் புதிய மாணவரை ஏற்காதிருந்திருக்கலாம். துறையிலே பணம் போதாதிருந்திருக்கலாம். மறுப்புக் கடிதம் மாணவரின் அறிவுக்கு இடப்பட்ட புள்ளியன்று. ஓராண்டு மேலும் உழைத்து, கேள்வியை இன்னுங் கூர்மையாக்கி, மறுமுறை விண்ணப்பித்து இடம்பெற்றோர் பலர். இளைஞர் வெளிநாடு செல்லல் வேண்டும் என்று விரும்பும் பெற்றோர், 'எவ்வளவு பணம் வேண்டும்?' என்று முகவரைக் கேட்பதற்கு முன், 'நீ ஆராய விரும்புவது யாது?' என்று தம் பிள்ளையைக் கேட்பாராக. அதற்குத் தெளிவான விடை பிறந்துவிட்டால், ஈடுவைக்க இருந்த காணி பல வீடுகளில் ஈடின்றியே தப்பிவிடும்.