யாராவது போவார்கள் என்று எல்லோரும் காத்திருக்கும்போது

இரவு பத்து மணி. பக்கத்து வளவில் ஒரு பெண் அலறும் சத்தம் கேட்கிறது. பாத்திரம் ஒன்று விழுந்து உருள்கிறது. பிள்ளை வீரிட்டு அழுகிறது. நீங்கள் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். முன்வீட்டிலும் விளக்கு எரிகிறது. சந்திக் கடைக்காரரும் கதவை நீக்கிப் பார்க்கிறார். நான்கு வீட்டாருக்கும் கேட்டுவிட்டது. ஆனால் ஒருவரும் படலையைத் தாண்டவில்லை.

காலையில் அந்தப் பெண் வீங்கிய முகத்துடன் பொதுக்கிணற்றடிக்கு வருகிறார். எல்லோரும் தண்ணீர் அள்ளுகிறார்கள். ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

பல வருடங்களின் பின் சொந்த இடத்துக்குத் திரும்பியுள்ள எந்தக் கிராமத்திலும் இப்படி நடக்கலாம். அந்த நான்கு வீட்டாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களை எது தடுத்தது, அதை எப்படிக் கடப்பது என்பதை இந்தப் பகுதி விளக்குகிறது.

ஏன் நாம் நின்றுவிடுகிறோம்?

1968 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் இன்டர்கொம் வழியாக ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். திடீரென்று ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரல் கேட்டது. தனக்கு மட்டுமே அது கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதமானோர் வலிப்பு முடியும் முன்பே உதவி தேடி வெளியே வந்தார்கள். வேறு நால்வருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதமானோரே அப்படி வந்தார்கள்.

வராதவர்களின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, உள்ளங்கைகள் வியர்த்திருந்தன. அவர்கள் கவலைப்பட்டார்கள், ஆனால் கால் எழவில்லை. பொறுப்பு பல பேருக்குப் பகிரப்படும்போது ஒருவருடைய பங்கு சிறிதாகத் தெரிகிறது. மற்றவர்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, ‘அவ்வளவு பாரதூரமான விடயம் இல்லைப் போலும்’ என்று ஒவ்வொருவரும் எண்ணிவிடுகிறார்கள். இதையே பார்வையாளர் விளைவு என்கிறார்கள்.

நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. மூன்று நாடுகளின் நகர வீதிகளில் கமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான முடிவுகளின்படி, பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். மனிதர் உதவவே விரும்புகிறார்கள். தடையை நீக்கினால் போதும்.

நமக்கு இருக்கும் மேலதிகத் தடை

யுத்த காலத்தில் பேசாதிருப்பதும், கண்டதைக் காணாததுபோல் கடந்துபோவதும் பல உயிர்களைக் காப்பாற்றின. கேள்வி கேட்டவர் காணாமற்போனார். முன்னுக்கு நின்றவர் முதலில் இழக்கப்பட்டார். ஆசிரியர், சங்கத் தலைவர், இளைஞர் என்று கிராமத்தைத் தாங்கியவர்கள் பலர் இல்லாமற்போனார்கள். வடக்கில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதனைக் கூட்டு மனவடு என்று விளக்கியிருக்கிறார். தனி மனிதர் மட்டுமல்ல, சமூகத்தின் உறவுகளும் நம்பிக்கையும் காயப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள்.

ஆகவே உங்கள் மௌனத்தை எண்ணிக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். அன்று அது உங்களைக் காத்தது. இன்று அதே மௌனம் பக்கத்து வளவுப் பெண்ணைத் தனியே விடுகிறது. பழக்கத்தை மாற்றும் காலம் இது.

காயத்தை அறிந்த தலைமைத்துவம்

தலைமைத்துவம் என்றதும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரை மட்டும் எண்ணாதீர்கள். அந்த இரவில் முதலில் படலையைத் திறப்பவரே அங்கே தலைவர். அவர் ஒரு அம்மம்மாவாகவும் இருக்கலாம்.

ஆனால் துணிவு மட்டும் போதாது. இரவில் கதவைத் தட்டி ஆளைக் கூட்டிச் சென்ற காலத்தை அனுபவித்த வீடுகள் இவை. ஐந்தாறு ஆண்கள் பொல்லுகளோடு போய்க் கதவை இடித்தால், நீங்கள் காப்பாற்றப் போன பெண்ணே உங்களைக் கண்டு நடுங்குவார். ஆகவே:

• படலையடியில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். டோர்ச் வெளிச்சத்தை வீட்டுக்காரரின் கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்தில் காட்டுங்கள்.
• தாழ்ந்த குரலில் பேசுங்கள். பின்னால் நின்று தொடாதீர்கள்.
• “என்ன நடந்தது, எல்லாத்தையும் சொல்லு” என்று வற்புறுத்தாதீர்கள். “இப்ப என்ன உதவி வேணும்?” என்று கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.
• கேட்டதைக் கிணற்றடியில் கதைக்காதீர்கள். ஒரு முறை நம்பிக்கை உடைந்தால் அடுத்த முறை அவர் அலறவும் மாட்டார்.

அடிக்கும் கணவரும் யுத்தத்தில் காயப்பட்டவராக இருக்கலாம். அவருடைய வலி உண்மையானது. அது அடிப்பதற்கு அனுமதி ஆகாது. வலிக்கு உதவி தேடிக் கொடுப்போம், அடியை நிறுத்துவோம். இரண்டையும் செய்ய வேண்டும்.

முதல் ஆள் என்ன செய்யலாம்?

1. வாய்விட்டுச் சொல்லுங்கள். “அங்கை ஏதோ பிழையா நடக்குது, நான் போய்ப் பாக்கப் போறன்” என்று சத்தமாகச் சொன்னவுடன் மற்றவர்களின் தயக்கமும் குறையும்.

2. ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். “யாராவது வாங்கோ” என்றால் ஒருவரும் வராமல் இருக்கலாம். “கடைக்கார அண்ணை, நீங்கள் என்னோடை வாங்கோ. தம்பி, நீ 119 க்கு அடி” என்றால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகும்.

3. தனியே போகாதீர்கள். இருவர் அல்லது மூவராகச் செல்லுங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது.

4. சண்டையைத் தீர்க்கப் போகாதீர்கள், இடைநிறுத்தப் போங்கள். “தங்கச்சி, நான் பக்கத்து வளவு அக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து இருக்கோ?” என்ற சாதாரணக் கேள்வியே ஓங்கிய கையை இறக்கிவிடலாம். கத்தியோ வேறு ஆயுதமோ கண்டால் உள்ளே போக வேண்டாம். தூரத்தில் நின்று ஆட்களைச் சேர்த்து, பொலிசுக்கு அறிவியுங்கள்.

5. மறுநாளும் போங்கள். அவர் தனியே இருக்கும் நேரத்தில் ஒரு தேநீர், இரண்டு வார்த்தை. உதவி கேட்கக்கூடிய இடங்களைச் சொல்லி வையுங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அவர் சார்பில் பொலிசும் விண்ணப்பிக்கலாம்.

2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் இதனையே மூன்று சொற்களில் சுருக்குகிறது: பார், கேள், இணை. ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். தேவையான சேவையோடு இணையுங்கள். இதற்கு நீங்கள் வைத்தியராக இருக்கத் தேவையில்லை.

நெருங்கக் கூடாத இடங்கள்

துணிவு சில வேளை விலகி நிற்பதிலும் இருக்கிறது. காணி துப்பரவாக்கும்போது வெடிபொருள் போன்ற ஒன்றைக் கண்டால் தொடவோ எறியவோ எரிக்கவோ வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். பிள்ளைகளைத் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். அங்கே ஒருவர் காயப்பட்டுக் கிடந்தாலும் ஓடிப்போகாதீர்கள், இரண்டாவது வெடி உங்களுக்காக இருக்கலாம். குளத்தில் ஒருவர் தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் குதிக்காமல் கயிறோ வெற்றுக் கானோ எறியுங்கள்.

முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்

ஆபத்து வந்தபின் யோசிப்பது கடினம். அடுத்த சங்கக் கூட்டத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரையும் சேர்த்து, இவற்றைப் பேசி முடிவெடுங்கள்:

• ஒவ்வொரு ஒழுங்கையிலும் முதலில் போகும் இருவர் யார்? அவர்கள் இல்லாத நாளில் யார்?
• கோயில் மணியா, தேவாலய மணியா, விசிலா? எந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே வரவேண்டும்? வெடிச் சத்தத்தை ஒத்த அடையாளம் வேண்டாம், அது பலரைப் பழைய நாட்களுக்கே கொண்டுபோய்விடும்.
• தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள்?
• இந்த இலக்கங்களை முன்பள்ளியிலும் கடைச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள்: பொலிஸ் அவசர சேவை 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவிச் சேவை 1929, பெண்கள் உதவிச் சேவை 1938, மனநல உதவி 1926.

போனவரையும் கவனியுங்கள்

முதலில் போனவருக்கும் பழைய காயம் உண்டு. அந்த அலறல் அவருக்கு வேறொரு நாளின் அலறலை நினைவுபடுத்தியிருக்கலாம். சில நாட்கள் நித்திரை குழம்புவது, நெஞ்சு படபடப்பது இயல்பு. அவரைத் தனியே விடாதீர்கள். அடுத்த முறை இன்னொருவர் போகட்டும். பல வாரங்களாகியும் தணியாவிட்டால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

மீண்டும் அந்த இரவு. அலறல் கேட்கிறது, நான்கு வீடுகளில் விளக்கு எரிகிறது. நீங்கள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு படலையைத் திறக்கிறீர்கள். “கடைக்கார அண்ணை, வாங்கோ” என்று குரல் கொடுக்கிறீர்கள். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி இறங்கி வருகிறார். முன்வீட்டு அக்காவும் பின்னால் வருகிறார். அவர்களும் இவ்வளவு நேரமும் ஒரு குரலுக்காகத்தான் காத்திருந்தார்கள்.