மஞ்சள், கறுப்பு, புதிய ஏற்பாடு: ஸ்டிரைப்பரின் மேடை

1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்களிடையே பரவிய ‘இயேசு இயக்கம்’, லேரி நார்மன் போன்ற பாடகர்களின் வழியே ராக் இசையைத் திருச்சபையின் முற்றம்வரை அழைத்து வந்தது. மெட்டல் இசைக்கு அந்த வரவேற்பு கிட்டவில்லை. மின்கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் ‘டிஸ்டார்ஷன்’, இடைவிடாது இடிக்கும் டிரம்ஸ், அடிவயிற்றிலிருந்து எழும் உச்சக்குரல் ஆகியவற்றால் ஆன அவ்விசை, பர்மிங்ஹாம் நகரின் பிளாக் சபாத் குழு 1970இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்ட காலத்திலிருந்தே இருளையும் சாத்தானையும் தன் அலங்காரமாகக் கொண்டிருந்தது. அந்த அலங்காரத்தை அமெரிக்கப் பெற்றோர் உண்மை என்றே நம்பி அஞ்சியதன் விளைவாக, 1985 செப்டம்பரில் செனட் குழுவொன்று பாடல் வரிகளைப் பற்றி விசாரணையே நடத்தியது.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் பாடகரும் கித்தார் கலைஞருமான மைக்கேல் ஸ்வீட், டிரம்ஸ் வாசித்த அவருடைய அண்ணன் ராபர்ட், மற்றொரு கித்தார் கலைஞரான ஆஸ் ஃபாக்ஸ், பேஸ் கித்தார் வாசித்த டிம் கெய்ன்ஸ் ஆகிய நால்வரின் குழு உருவானது இந்தச் சூழலில்தான். ‘ராக்ஸ் ரெஜீம்’ என்ற பெயரில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி இரவு விடுதிகளில் வாசித்துவந்த அவர்கள், 1983இல் தங்கள் இசையைக் கிறிஸ்துவுக்கென்று ஒப்புக்கொடுப்பதாக முடிவெடுத்து ‘ஸ்டிரைப்பர்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, மேசியாவின் தழும்புகளைப் பற்றிப் பேசும் ஏசாயா 53:5 என்ற வசன எண்ணைத் தங்கள் சின்னத்தின் கீழ் பொறித்தனர். கிறிஸ்தவப் புத்தகக் கடைகளை மட்டுமே நம்பிய சமய இசை நிறுவனம் எதையும் நாடாமல், எனிக்மா என்ற பொது இசை நிறுவனத்தின் வழியாக 1984இல் முதல் தட்டை அவர்கள் வெளியிட்டதுதான் பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் அடிப்படை. பக்தர்களுக்குப் பாடுவதைவிட, பக்தியைக் கேலிசெய்யும் கூட்டத்தின் நடுவே பாடுவதையே அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தனர்.

இசை நுட்பத்தில் ஸ்டிரைப்பர் புதிய பாதை எதையும் வெட்டவில்லை. இரண்டு கித்தார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு சுரநிலைகளில் இணைந்து வாசிக்கும் முறையை ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் ஆகிய பிரிட்டிஷ் குழுக்கள் ஏற்கெனவே செப்பனிட்டிருந்தன. ஸ்டிரைப்பர் புதிதாகக் கொண்டுவந்தது மேடையை. உடை, கித்தார், டிரம்ஸ், ஒலிபெருக்கி என்று கண்ணில் படும் பொருளெல்லாம் மஞ்சள் கறுப்பு வரிகளில் தோய்ந்திருந்தன. வழக்கமாகப் பாடகருக்குப் பின்னால் மறைந்துவிடும் டிரம்ஸை ராபர்ட் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஒவ்வொரு அடியும் கைவீச்சும் தலையசைப்பும் பார்வையாளருக்குத் தெரியும்படி வாசித்ததோடு, தம்மைக் ‘காட்சிவழிக் காலக்கணிப்பாளர்’ என்ற பொருளில் அழைத்துக்கொண்டார். பிற குழுக்கள் டிரம்ஸ் குச்சிகளைக் கூட்டத்தில் வீசிய நேரத்தில், இவர்கள் தங்கள் சின்னம் ஒட்டிய புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசினர். மெட்டல் கச்சேரியின் சடங்குகள் ஒன்றுகூடக் கைவிடப்படவில்லை; வீசப்பட்ட பொருள் மட்டுமே மாறியது. 1985இல் டோக்கியோவில் பதிவான கச்சேரியின் காணொளி, மொழி புரியாத அரங்கிலும் இம்மேடை எடுபட்டதற்குச் சான்றாக இருக்கிறது.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்தும் வந்தது. மெட்டல் ரசிகரில் ஒருசாரார் ஏளனம் செய்தனர் என்றால், தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வகார்ட் வேதத்தைக் கூட்டத்தில் எறிவதைப் பன்றிகளின் முன் முத்துகளைப் போடுவதோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். ஸ்வீட் குடும்பம் 1970களில் விசுவாசத்துக்கு வந்ததே அதே ஸ்வகார்ட்டின் தொலைக்காட்சிப் பிரசங்கத்தைக் கேட்டுத்தான் என்பது இதில் கவனிக்கத்தக்கது. தொலைக்காட்சி என்னும் கேளிக்கைச் சாதனத்தில் நற்செய்தியை ஏற்றியவர், அதே வேலையை மின்கித்தாரில் செய்தவர்களைக் கண்டித்ததில் இறையியலைவிட ரசனையே அதிகம் பேசியது என்று கொள்ள இடமுண்டு.

1986இல் வெளிவந்த ‘டு ஹெல் வித் த டெவில்’ இந்த வாதத்தைச் சந்தையில் தீர்த்துவைத்தது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய விற்பனைக்கு வழங்கப்படும் ‘பிளாட்டினம்’ தகுதி, கிறிஸ்தவ மெட்டல் தொகுப்பு ஒன்றுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. மென்மையாகத் தொடங்கி முழு வாத்திய முழக்கத்தில் முடியும் ‘பவர் பாலட்’ வகையைச் சேர்ந்த ‘ஆனஸ்ட்லி’ என்ற பாடல், பில்போர்டு தரவரிசையில் 23ஆம் இடத்தை எட்டியது.

சரிவும் மேடையிலிருந்தே தொடங்கியது. 1990இல் வெளியான ‘அகெய்ன்ஸ்ட் த லா’ தொகுப்பில் குழுவினர் மஞ்சள் கறுப்பு வரிகளைக் களைந்து, பாடல் வரிகளிலிருந்து வெளிப்படையான சமயச் சொற்களையும் விலக்கினர். வாசிப்பில் அதுவே அவர்களுடைய முதிர்ச்சியான படைப்பு என்று சொல்லத்தக்கதாயினும், விற்பனை முந்தைய தொகுப்புகளின் அருகில்கூட வரவில்லை. பொதுரசிகருக்கு அது பல மெட்டல் குழுக்களில் ஒன்றாகிப்போனது. பக்தருக்கோ அது பின்வாங்கலாகத் தெரிந்தது. 1992இல் மைக்கேல் விலக, குழு கலைந்தது. 2003இல் மீண்டும் ஒன்றுகூடிப் பயணம் புறப்பட்டபோது, மஞ்சள் கறுப்பு உடைகளும் கூட்டத்தில் வீசப்படும் புதிய ஏற்பாடுகளும் மேடைக்குத் திரும்பிவந்தன.