எழுத்து ஏறாத குழந்தைகள்

நெசவாளர் தெருவாயினும் உழவர் குடியிருப்பாயினும், "இவனுக்குப் படிப்பு வராது" என்ற தீர்ப்பு மிக எளிதில் வழங்கப்பட்டுவிடுகிறது. கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். சந்தைக் கணக்கை மனத்திலேயே போட்டு முடிப்பான். புத்தகத்தை விரித்தால் மட்டும் வாயடைத்துப் போவான். ஆசிரியர் சோம்பல் என்கிறார். பெற்றோர் தலைவிதி என்கின்றனர். சில ஆண்டுகளில் சிறுவன் பள்ளியைவிட்டு நின்றுவிடுகிறான். இவ்வாறு நிற்பவருள் ஒரு பகுதியினர் சோம்பேறிகளுமல்லர், மந்தபுத்தியினருமல்லர்; 'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்புத் தடை உடையவர்கள் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

இத்தடையைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் 1896-ல் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் அறிவுள்ளவன், கணக்கில் தேர்ந்தவன், கண்பார்வையிலும் குறையில்லை. ஆயினும் பல ஆண்டுகள் கற்பித்தும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் அவனே முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அக்கால மருத்துவர்கள் இதனைச் 'சொற்குருடு' என்றழைத்து, சொல்லின் உருவை மூளை நினைவில் கொள்ளாமையே காரணமெனக் கருதினர். பிற்கால ஆராய்ச்சியோ பெரும்பாலும் பேச்சொலியைச் சுட்டுகிறது.

பேசும்போது 'படம்' என்பது ஒரே மூச்சில் வரும் சொல். அதை எழுத்தாக்க வேண்டுமானால் ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலோர்க்கு இப்பிரிப்பு விரைவில் கைவரும். இக்குழந்தைகளின் மூளை ஒலிகளைக் கையாளும் விதத்தில் அது கடினமாகிறது. கஞ்சியிட்ட பாவில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் நாடா எவ்வாறு ஓடும்? ஒட்டியதைப் பிரித்துவிட வேண்டுமேயன்றி, நெசவாளரைக் கடிந்து பயனில்லை.

தமிழெழுத்து பெரும்பாலும் ஒலிப்படியே அமைந்தது. ஆதலால் ஆங்கிலத்தில் காணும் அளவுக்குத் தாறுமாறான பிழைகள் நம் குழந்தைகளிடம் தோன்றாமல், வாசிப்பு தாமதமாகவும் திக்கித் திக்கியும் நடைபெறலாம். ஆனால் தமிழுக்கும் தனி இடர்கள் உண்டு. எழுத்துகள் 247. 'கெ' என்பதில் பின்னொலிக்கும் எகரத்தின் குறி முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. ஒரு துணைக்காலால் 'படம்' 'பாடம்' ஆகிவிடுகிறது. லகர ளகர ழகரங்களை நாமே பேச்சில் பிரித்துச் சொல்லாதபோது, குழந்தை எழுத்தில் மயங்குவது வியப்பன்று.

ஒரு வரியில் வாசித்த சொல்லை அடுத்த வரியில் அறியாமை, கரும்பலகையைப் பார்த்தெழுத மிகுந்த நேரமெடுத்தல், 'மரம்' என்பதில் முதலெழுத்தை நீக்கினால் எஞ்சுவது யாதெனச் சொல்ல இயலாமை, இவை நெடுநாள் நீடித்தால் கவனிக்கத்தக்க அடையாளங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுதல் நலம். மூக்குக்கண்ணாடி இத்தடையைத் தீர்க்காது. தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளுக்குப் பணம் கொடுக்க வேண்டா.

உதவுவது முறையான கற்பித்தலே. 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஆர்ட்டனின் ஆய்வுகளையொட்டி அன்னா கில்லிங்கம் என்னும் ஆசிரியை வகுத்த முறையில், குழந்தை எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் வரைகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதியதை முதியோர் அறிவர். அதைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1797-ல் நூலெழுதி இங்கிலாந்திற்கும் கொண்டுசென்றார். நாம் கைவிட்ட மணலை இக்குழந்தைகளுக்காகவேனும் மீண்டும் பரப்பலாம். ஒரு நாளைக்கு இரண்டொரு எழுத்து போதும். முன் கற்றது உறுதிப்பட்ட பின்னரே அடுத்தது. நாள்தோறும் கால்மணி நேரம் வீட்டிலுள்ளோர் பாடத்தை வாசித்துக் காட்டினால், எழுத்து தாமதித்தாலும் அறிவு தாமதியாது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லும் வழக்கத்தை இவர்கள் விஷயத்தில் ஆசிரியர்கள் கைவிட வேண்டும். அதனால் விளைவது அச்சமேயன்றி வாசிப்பன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தடையையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிப்போர்க்கு, அரசுப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் முதலிய சலுகைகள் உள்ளன. தேர்வு நெருங்கிய பின் ஓடுவதைவிட முன்னரே தலைமையாசிரியரைக் காண்பது நன்று.

இத்தடை குடும்பவழியாகவும் வருவது. ஆகவே தம் மகனைக் கடிந்துகொள்ளும் அங்கத்தினர் சிலர்க்கும் சிறுவயதில் இதுவே நேர்ந்திருக்கக்கூடும். கைந்நாட்டு வைப்போர் அனைவரும் பள்ளியின் வாசலை மிதியாதவர் அல்லர். மிதித்துத் தோற்றுத் திரும்பியோரும் அவர்களுள் உண்டு. சங்கத்தின் அறிவிப்புகளையும் கடன் பத்திரங்களையும் பொதுக்குழுவில் உரக்க வாசித்துப் பொருள் விளக்கிய பின்னரே கையொப்பம் பெறுவதென ஒவ்வொரு சங்கமும் வழக்கமாக்கிக் கொள்ளலாம். வாசிக்கத் தெரியுமா என்று எவரையும் கேட்க வேண்டிய தேவையே அப்போது எழாது.