பாலோடு சேராத மாத்திரை

சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் பாலில் விழுங்கக்கூடாது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டும் இரும்புச்சத்து மாத்திரையும் கூட வேண்டாம் என்பார் டாக்டர். இந்தப் பத்தியத்துக்கும் அம்மருந்து கிருமியைக் கொல்லும் விதத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. அதன் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரும். நகலெடுப்பதற்காக அதன் இரண்டு இழைகளும் பிரியப் பிரிய, முன்னால் இருக்கும் பகுதியில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், கயிற்றின் புரிகளைப் பிரித்து இழுத்தால் ஏறுவதுபோல. அதைத் தளர்த்துவது டி.என்.ஏ. கைரேஸ் என்னும் நொதி. இரண்டு இழைகளையும் வெட்டி, முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளி வழியே டி.என்.ஏ.வின் இன்னொரு பகுதியைக் கடத்திவிட்டு, பழையபடி ஒட்டிவிடும். வியக்கவைக்கும் வேலை!

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன் மருந்துகள் சரியாக அந்த வெட்டுவாயில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வெட்டியது வெட்டியபடியே நிற்கும். டி.என்.ஏ. துண்டுதுண்டாகி பாக்டீரியா சாகும். நம் செல்களிலும் இதற்கு உறவான நொதி உண்டு. ஆனால் மருந்து அதை அவ்வளவாகப் பற்றுவதில்லை.

கைரேஸை மருந்து பற்றுவது ஒரு மக்னீசியம் அயனியின் துணையோடு. உலோக அயனிகள்மீது உள்ள இந்த ஈர்ப்பால்தான் பாலின் கால்சியத்தையும் ஆன்டாசிட்டின் அலுமினியத்தையும் குடலிலேயே கட்டிக்கொண்டு, ரத்தத்தில் சேராமல் போகிறது. ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோ சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

ஈ.கோலையின் கைரேஸில் 83ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற ஒரே அமினோ அமிலம் மாறினாலே இந்தப் பிடி தளர்ந்துவிடும். 1990களில் டைஃபாய்டுக்குக் கைகொடுத்த சிப்ரோவுக்கு இன்று இந்தியாவில் பெரும்பாலான டைஃபாய்டு கிருமிகள் பணியாததற்கு முக்கியக் காரணம், அவற்றின் கைரேஸில் நேர்ந்த இத்தகைய மாற்றமே. சளிக்கு சிப்ரோவை வாங்கிப் போடுவது வேதனையான வீண்செலவு. சளியை உண்டாக்கும் வைரஸில் கைரேஸே கிடையாது. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் இன்றும் தேவைப்படுகின்றன. சிறுநீரகத் தொற்றுக்கும் புராஸ்டேட் தொற்றுக்கும் இவ்வகை மருந்துகள் பயன்படுகின்றன.

இம்மருந்துகளால் குதிகால் தசைநார் அறுந்துபோகக்கூடும் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மாத்திரை எடுக்கும் நாட்களில் குதிகாலுக்கு மேலே வலியோ வீக்கமோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.