பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை வாட்?

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் ஸ்டீரியோ விற்கும் கடைகளில் எந்தக் கம்பெனிப் பெட்டியை எடுத்துத் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் கண்ணில் படும்: 50 வாட் × 4. விலை நாலாயிரமோ நாற்பதாயிரமோ, அந்த 50 மட்டும் பெரிதாக மாறாது. ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகள் பேசி வைத்த மாதிரி அங்கேயே நிற்பதற்குக் காரணம் காரின் பேட்டரி.

பேட்டரிக்குப் பெயர் 12 வோல்ட். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14.4 வோல்ட் வரை தூக்கிவிடும். கார் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் வரும்: 14.4 × 14.4 ÷ 4 = 51.84. பெட்டியில் இருக்கும் 50 இங்கிருந்து வந்ததுதான். ஆனால் இந்தக் கணக்கு, எந்நேரமும் உச்சத்திலேயே நிற்கும் சதுர அலைக்குத்தான் பொருந்தும். இசை ஏறி இறங்கி வளைந்து வருவது. வளைந்த அலைக்குச் சரிபாதி, 26 வாட். உள்ளே இருக்கும் சில்லு தனக்கென்று கொஞ்சம் வோல்ட்டை வைத்துக்கொள்வதால், சுத்தமாக வெளியே வருவது 20 வாட் பக்கம். அதற்கு மேல் வால்யூமை ஏற்றினால் தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிப்பதுபோல அலையின் முகடு இடித்துத் தட்டையாகிவிடும். சவுண்டு கிழிகிறது என்கிறோமே, அது இதுதான்.

தனியாக வாங்கிப் பொருத்தும் ஆம்ப்ளிஃபையரின் முதல் வேலையே இந்த நிலைப்படியை உயர்த்துவது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுக்க வேண்டுமென்றால் அலையின் முகடு 28 வோல்ட்டைத் தொட வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிடம் அது ஏது? ஒரு நல்ல ஆம்ப்பின் மூடியைக் கழற்றினால் விடை தெரியும். ஒரு பக்கத்தில், தடித்த செம்புக் கம்பி சுற்றிய கருத்த வளையம் ஒன்று இருக்கும். அதன் அருகே அலுமினியச் சுவரோடு ஒட்டி வரிசையாக மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள். பேட்டரியின் நேர்மின்சாரத்தை இவை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அந்த வளையத்துக்கு அனுப்புகின்றன. அது வோல்ட்டைப் பல மடங்காக்கித் தருகிறது. பாட்டைப் பெருக்கும் வேலை இதற்கு அப்புறம்தான். நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு, இசையைத் தொடவே தொடாத இந்தப் பகுதிக்குப் போகிறது.

யோசனை பழையது. 1930களில் வால்வு போட்ட கார் ரேடியோக்களுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டது. வண்டியில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சிறு உலோகத் தகடு, மின்சாரத்தை விட்டு விட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பியது. பாட்டுக்கு நடுவே அந்தத் தகட்டின் ரீங்காரமும் கேட்கும். இன்று அதே வெட்டும் வேலை காதுக்கு எட்டாத வேகத்தில் நடக்கிறது.

மிக மலிவான சில சின்ன ஆம்ப்களில் அந்த வளையமே இருப்பதில்லை. ஸ்டீரியோவில் உள்ளது போன்ற சில்லையே வேறொரு டப்பாவில் அடைத்துத் தருகிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் லாபம் சொற்பம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பது மேல்.

கடையில் மூடியைக் கழற்ற விடமாட்டார்கள். ஃபியூஸைப் பார்க்கலாம், அது பொய் சொல்லாது. மேலே 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆம்ப்பின் பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஒன்று இருந்தால், தொடர்ந்து உள்ளே போகக்கூடியது 30 × 13.8, அதாவது 414 வாட். போனது அத்தனையும் இசையாக வராது. ஏபி வகை ஆம்ப் பாதிக்குச் சற்று மேல் தரும், மீதி சூடாகிவிடும். டி வகை 80 விழுக்காடு வரை தரும். எப்படிப் பார்த்தாலும் 350 வாட்டைத் தாண்டாது. பெட்டியில் தேட வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண். சிடிஏ-2006 என்றும் போட்டிருந்தால் இன்னும் நம்பலாம்: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 விழுக்காட்டுக்குள் என்று நிபந்தனை வைத்து அளக்கச் சொல்லும் அமெரிக்கத் தரம் அது.

குறைந்த விலையில் டி வகையையே நான் சிபாரிசு செய்வேன். ஏபி வகையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்தும் பாதி மூடியும் நின்று மின்சாரத்தை எரிக்கிறது. டி வகையில் முழுக்கத் திறக்கும், இல்லையேல் முழுக்க மூடும். நொடிக்கு லட்சக்கணக்கான முறை. திறந்திருக்கும் நேரம் கூடிக் குறைவதில்தான் பாட்டு ஒளிந்திருக்கிறது. ஒரு வடிகட்டிச் சுருள் அந்தத் துடிப்புகளை வழித்துச் சமமாக்கியதும் வயலினும் மிருதங்கமும் வந்துவிடுகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

பெரிய எண்ணைத் துரத்தத் தேவையில்லை என்பதற்கு நம் காதே சாட்சி. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட் ஆம்ப்புக்கும் 75 வாட் ஆம்ப்புக்கும் வித்தியாசம் 2 டெசிபல்கூட இல்லை. அந்த விலை வித்தியாசத்தில் உணர்திறன் 89 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும்.

வயரில் மட்டும் சிக்கனம் கூடாது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி பார்வைக்குச் செம்பு போலவே மின்னும். அலுமினியத்தின் மின்கடத்தல் செம்பில் சுமார் 60 விழுக்காடுதான். தூய செம்பாகவே கேட்டு வாங்குங்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் தனி ஃபியூஸ் ஒன்றும் போடச் சொல்லுங்கள். வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது அது ஒன்றே.

கடைசியாக கெயின் திருகு. அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறவர்கள் உண்டு. ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட்டுக்கு ஆம்ப்பை ஒத்துப்போக வைப்பதுதான் அதன் வேலை. 4 ஓம் வூஃபருக்கு 75 வாட் ஆம்ப் என்றால் 75ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 17.3. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, ஸ்டீரியோவில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஆம்ப்பின் முனைகளில் பிடிக்க வேண்டும். 17.3 காட்டும்வரை கெயினை மெல்லத் திருகி, அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.