கோடைக்கேற்ற துணி: அழகும் நலமும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்பர். உணவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நமது கிராம சபைகளில் அடிக்கடி பேசுகிறோம். உடையைப் பற்றியோ ஜவுளிக்கடைக்குள் நுழைந்த பின்னரே எண்ணுகிறோம். கோடை வருமுன் இதைக் குறித்துச் சிறிது சிந்திப்பது நலம்.

கோடை வெப்பம் உயிருக்கே ஊறு விளைவிக்க வல்லது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை வாசகர்கள் அறிவர். நாற்று நடுவோர், களை எடுப்போர், ஏரி வேலைக்குச் செல்வோர் ஆகியோருக்கு நிழல், குடிநீர், ஓய்வு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் துணை நிற்பது உடுத்தியிருக்கும் துணியே ஆகும்.

தையல் வகுப்புகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. பளபளக்கும் பூப்போட்ட துணியை மாணவி ஒருத்தி ஆசையோடு கொண்டு வருகிறாள். விலை மலிவு, சாயம் போகாது, இஸ்திரி தேவையில்லை. நன்றாகத் தைத்தும் முடிக்கிறாள். அதை உடுத்தி வயலுக்குச் சென்றால், உச்சி வேளைக்கு முன்பே துணி முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. சில நாட்களில் வேர்க்குரு தோன்றுகிறது. தையலில் குற்றமில்லை, துணியைத் தேர்ந்ததில்தான் குற்றம்.

வியர்வையும் துணியும்

உடலின் சூட்டைத் தணிக்க இயற்கை அளித்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் வழிந்தோடும் வியர்வையால் இப்பயன் இல்லை. ஆகவே வியர்வையை உறிஞ்சி, காற்றுக்கு வழிவிடும் துணியே கோடைக்கு ஏற்றது.

சாதாரண ஈரக்காற்றில் பருத்தி நூல் தன் எடையில் 100க்கு 8 பங்கு வரை ஈரத்தை ஏற்கிறது. பாலியஸ்டர் நூலோ அரைப் பங்கைக்கூட ஏற்பதில்லை. மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயான் பருத்தியினும் மிகுதியாக ஏற்கும். மென்மையாகத் தொங்கி அழகு தரும். ஆயின் நனைந்தால் அதன் வலிமை பெரிதும் குறைந்துவிடும். வீட்டிலும் விழாவிலும் அணிய ரேயான் ஏற்றதே. கல்லில் அடித்துத் துவைக்கும் வேலை உடைக்கு ஏற்றதன்று. பருத்தியோ நனைந்தால் மேலும் உறுதி பெறும்.

அடுப்படியில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பருத்தி தீப்பற்றி எரியும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிப் புண்ணை ஆழமாக்கும். எந்த உடையாயினும் தொங்கும் முந்தானையோடு அடுப்பை நெருங்கலாகாது.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலாவது, நூலின் இனம். துணியின் ஓரத்திலிருந்து இரண்டோர் இழைகளை உருவி, வீட்டில் பாதுகாப்பாகக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலோடு கெட்டித் துணுக்கும் தங்கும்.

இரண்டாவது, நெசவு. துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மல், வாயில் போன்றவை மெல்லியவை. ரவிக்கைக்கும் குழந்தைகளின் சட்டைக்கும் நல்லவை. கேம்பிரிக், பாப்ளின் ஆகியவை சற்று நெருக்கமானவை. சட்டைக்கும் சுடிதாருக்கும் ஏற்றவை. நூல் எண் கூடக்கூட இழை மெலியும். 40ஆம் எண் நூலினும் 80ஆம் எண் நூல் மெல்லியது என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, நிறம். வெளிர் நிறம் வெயிலின் வெப்பத்தைக் குறைவாக ஏற்கும். ஆயினும் மிக மெல்லிய வெள்ளைத் துணி வெயிலை உள்ளே விட்டுவிடும். வயலில் நிற்பவருக்கு வெளிர் நிறத்தில், சற்று நெருக்கமாக நெய்த, முழுக்கை வைத்த, தளர்வான பருத்திச் சட்டையே சிறந்தது.

நாகரிகம் எங்கே?

பருத்தி என்றால் பழையபாணி என்று இளைஞர் எண்ணுவது சரியன்று. சென்னைப் பகுதியின் கட்டம் போட்ட கைலித்துணியை 'மெட்ராஸ்' என்ற பெயரில் 1960களில் அமெரிக்க இளைஞர் விரும்பி அணிந்தனர். துவைக்கத் துவைக்கச் சாயம் கசிவதையே அதன் அழகாகக் கொண்டாடினர்! மதுரைச் சுங்குடியின் புள்ளிகளும், காரைக்குடி வட்டாரக் கண்டாங்கியின் கட்டங்களும் இன்றும் புதுமை குன்றாதவை. சேலையாக மட்டுமன்றிச் சுடிதாராகவும் பாவாடை சட்டையாகவும் இவற்றைத் தைக்கலாம். கைத்தறித் துணி வாங்குவோர் 2006ஆம் ஆண்டில் ஏற்பட்ட கைத்தறி முத்திரை உள்ளதா என்று பார்ப்பது நலம்.

வெட்டுமுன் செய்ய வேண்டியவை

துணியின் அகலம் 36 அங்குலமா, 44 அங்குலமா என்பதைக் கேட்டே நீளத்தைக் கணக்கிட வேண்டும். புதுப் பருத்தித்துணி நனைந்தால் சுருங்கும். 100க்கு 5 பங்கு சுருங்கினாலும் இரண்டரை மீட்டரில் 12 செண்டிமீட்டருக்குமேல் குறைந்துவிடும். ஆகவே ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பின்னரே வெட்டுக. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் ஒட்டுமா என்பது விளங்கும்.

மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி ஏற்றது. அக்குளிலும் கழுத்திலும் தாராளமாக இடம் விடுக. பருத்தி ரவிக்கைக்குப் பாலியஸ்டர் லைனிங் வைப்பது பலரும் செய்யும் பிழை. மேலே பருத்தியும் உடம்பை ஒட்டிப் பாலியஸ்டரும் இருந்தால் பருத்தியால் என்ன பயன்? லைனிங்கும் பருத்தியாகவே இருத்தல் வேண்டும்.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

பாலியஸ்டர் நெடுநாள் உழைப்பது, விரைவில் உலர்வது. வறிய குடும்பங்கள் அதை நாடுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறை கூறுவதால் பயன் விளையாது. நல்ல பருத்தித்துணி கைக்கெட்டும்படி செய்வதே முறை. மகளிர் குழுவினர் ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையில் சலுகை கேட்கலாம். 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் தள்ளுபடி விற்பனைக் காலத்தை இதற்குப் பயன்படுத்தலாம். மார்ச் 22ஆம் நாள் கிராம சபையில் குடிநீரைப் பற்றிப் பேசும்போதே, வேலைத்தளத்தில் உழைப்போரின் கோடை உடையைப் பற்றியும் பேசுவோமாக. கத்திரி வெயில் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடும். துணி வாங்கித் தைத்து முடிக்க இடையில் ஆறு வாரங்களே உள்ளன.

நல்ல துணியொன்று உழைப்பவரின் உடலைக் காக்கிறது. அதை நெய்தவரின் குடும்பத்தையும் காக்கிறது. அழகு இவ்விரண்டோடும் சேர்ந்து வரட்டும்.